எட்டெழுத்துப் பெயர்கள்

உங்கள் கணிப்பொறியில் ஒரு கோப்புக்குப் பெயரிடும்போது நீங்கள் எழுத்துக்களை எண்ணிப் பார்ப்பதில்லை. 'அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள், திருத்தியது' என்று நீட்டி எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால், வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இரவும் பகலும் இயங்குகின்ற மெயின்பிரேம் என்னும் பெருங்கணிப்பொறிகளில் அவ்வுரிமை இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தாரின் பெருங்கணிப்பொறியில் கோப்பின் பெயர், இடையிலிடும் புள்ளிகளையும் சேர்த்து, 44 எழுத்துக்களைக் கடத்தல் கூடாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 8 எழுத்துக்குள் அடங்கவேண்டும். இத்துணை ஆற்றல் வாய்ந்த பொறிக்குப் பெயரில் மட்டும் ஏன் இந்தச் சிக்கனம்?

விடை காண 1950-களுக்குச் செல்லவேண்டும். அக்காலத்து ஐ.பி.எம். 704 பொறி, 36 பிட்டுகள் கொண்ட ஒரு கட்டை ஒரே மூச்சில் எடுத்தாளும் இயல்பினது. அப்பொறியில் ஓர் எழுத்தைக் குறிக்க 6 பிட்டுகள் தேவை. ஆகவே ஒரு கட்டில் ஆறெழுத்து அடங்கும். 1957-இல் வெளிவந்த பார்ட்ரான் மொழியில் மாறிகளின் பெயர் ஆறெழுத்துக்கு மேற்படலாகாது என்று விதித்தமைக்கு இதுவே காரணம். ஆறெழுத்துப் பெயர் இரண்டையும் ஒப்பிட ஒரே ஒரு கட்டளை போதும். ஏழாவது எழுத்து வந்தால் வேலை இரட்டித்துவிடும்.

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். சிஸ்டம் 360 என்னும் பொறிக் குடும்பத்தை அறிவித்தது. பிரெடெரிக் புரூக்ஸ் என்பார் அதன் ஆக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். இப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு 8 பிட்டுகள், அதுவே பைட். நான்கு பைட்டுகள் ஒரு கட்டு. இரு கட்டுகள் சேர்ந்தால் எட்டு பைட்டு கொண்ட இரட்டைக் கட்டு. எட்டெழுத்துப் பெயர் அதில் இடைவெளியின்றிப் பொருந்தி அமர்ந்தது. துளை அட்டையும் இதற்கு இசைந்தது. 80 பத்திகள் கொண்ட அவ்வட்டையில், அசெம்பிளர் மொழியில் எழுதுவோர் முதல் எட்டுப் பத்திகளைப் பெயருக்கு ஒதுக்கினர்.

நினைவகத்தின் விலையையும் மறத்தலாகாது. அந்நாளில் ஒவ்வொரு பிட்டுக்கும் கம்பியிற் கோத்த ஒரு சிறு காந்த வளையம் வேண்டும். 44 எழுத்துப் பெயரொன்றை நினைவில் நிறுத்த, சரிபார்க்கும் வளையங்களை விடுத்தே, 352 வளையங்கள்! சிறிய மாடல் 30 பொறியின் நினைவகமோ 8 ஆயிரம் பைட்டு அளவிலிருந்தே தொடங்கியது. சொல்லுக்குச் சொல் காசு கொடுத்துத் தந்தியடித்த என் தலைமுறையினருக்கு இச்சிக்கனத்தை விளக்கவேண்டியதில்லை.

எனினும், 44 என்னும் எண்ணை உறுதியாக்கியது காந்தத் தட்டே. என் கருத்தில், இவ்வரலாற்றில் மிகவும் நயமான பகுதி இதுதான். அத்தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு 'திறவு' எழுதி வைக்கலாம். தட்டின் பொருளடக்கப் பகுதியில் ஒவ்வொரு கோப்புக்கும் 140 பைட்டு கொண்ட ஒரு குறிப்பு உண்டு. அதில் முதல் 44 பைட்டு கோப்பின் பெயர், அதுவே திறவு. எஞ்சிய 96 பைட்டு பிற விவரங்கள். 'இப்பெயருடையதைத் தேடு' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், சுழலும் தட்டின் மீதே தேடுதல் நடைபெறும். மையச் செயற்பகுதி அதுவரை வேறு கணக்கைப் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு! ஆனால், பெயரின் நீளம் இவ்வாறு ஒவ்வொரு தட்டிலும் நிலையாகப் பதிந்துவிட்டது.

காந்த நாடாவின் நிலை இன்னும் வேடிக்கை. நாடாவின் தலைப்புக் குறிப்பு, அட்டையைப் போலவே, 80 எழுத்து. அதில் கோப்பின் பெயருக்குக் கிடைத்த இடம் 17. நீண்ட பெயராயின் கடைசி 17 எழுத்துக்கள் மட்டும் எழுதப்பெறும். முன்பகுதி வேறுபட்டு வால் ஒன்றாயிருக்கும் இரு பெயர்களை நாடா வேறுபடுத்தாது.

இன்று நினைவகம் மலிந்துவிட்டதே, மாற்றினால் என்ன என்பீர்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர்ப் பத்தியை அகலப்படுத்துவது எளிது. ஆனால் மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் ஆகிய யாவும் அப்பத்தியைப் பார்த்தே அச்சிடப்பட்டிருக்கின்றன. பெருங்கணிப்பொறியிலும் அவ்வாறே. 1960-களில் எழுதிய நிரல்கள் இன்றும் ஓடவேண்டும் என்பதே வாடிக்கையாளருக்கு ஐ.பி.எம். அளித்து வரும் உறுதி. அந்நிரல்களில் கோப்பின் பெயருக்கென 44 எழுத்து இடமே விடப்பட்டிருக்கிறது. 45-ஆம் எழுத்து வந்தால், அது அடுத்திருக்கும் தரவின் மேல் போய் விழும். ஒருவருடைய வங்கி இருப்பே பிழைபடக்கூடும்.

மாற்றம் வந்த இடமும் உண்டு. 1971-இல் டி.எஸ்.ஓ. என்னும் ஏற்பாடு வந்தபோது, பயனர் பெயருக்கு ஏழெழுத்தே அனுமதித்தனர். பயனர் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரோடும் ஓர் இலக்கம் சேர்த்து எழுதவேண்டியிருந்தமையால், எட்டில் ஒன்று அதற்குப் போயிற்று. 2017-இல் வெளியான இசட்.ஓ.எஸ். 2.3 பதிப்பில்தான் அந்த எட்டாவது எழுத்து பயனருக்குக் கிடைத்தது. ஓர் எழுத்துக்கு 46 ஆண்டுகள். கோப்பின் பெயருக்கு விதித்த 44 மட்டும் இன்னும் 44-ஆகவே இருக்கிறது.