உடையாத வில் எப்படிப் பிறக்கிறது?

குட்டீஸ்! விடுமுறை விட்டால் போதும், எங்கள் கே.கே. நகர் தெருக்களில் இராமனும் அர்ஜுனனும் கிளம்பி விடுகிறார்கள். ஒரு வேப்பங்குச்சி, கொஞ்சம் சணல் கயிறு... வில் தயார்! ஆனால், சாயங்காலத்துக்குள் 'படக்' என்று வில் இரண்டாகி விடும். ஏன் உடைகிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

நீளமான அழிரப்பர் ஒன்றை எடுங்கள். அதன் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, வரிசையாகக் கோடுகள் போடுங்கள். இப்போது ரப்பரை வளையுங்கள். வெளிப்பக்கம் கோடுகள் விலகும், உள்பக்கம் நெருங்கும். வில்லும் அப்படித்தான். நாணை இழுக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெரிபடுகிறது. இழுபடும் பக்கத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் போச்சு! முறிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதனால்தான் நம் மலைவாழ் மக்கள் வில்லுக்கு மூங்கிலைத் தேடுகிறார்கள். மூங்கிலின் தோல் பக்கத்தில் நார்கள் நெருக்கமாக இருக்கும். இழுத்தால் லேசில் அறாது. வில் செய்பவர் அந்தத் தோல் பக்கத்தை வெளியே வைத்துக்கொள்வார். அதில் கத்தியே படக் கூடாது! சீவுவதெல்லாம் உள்பக்கம் மட்டும்தான்.

மூங்கில் முற்றியதாக இருக்க வேண்டும். வெட்டியதும் நிழலில் வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பச்சைக் குச்சியில் செய்த வில் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்; திரும்பி நிமிராது. நிமிராத வில் அம்பை எப்படித் தள்ளும்?

காய்ந்த மூங்கிலைப் பிளந்து, நடுவில் கனமாகவும் இரு முனைகளை நோக்கி மெல்லியதாகவும் சீவுவார்கள். இனிமேல்தான் பொறுமை வேண்டும். நாணைக் கட்டிக் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பார்கள். ஓரிடம் வளையாமல் விறைப்பாக நிற்கிறதா? அங்கே கொஞ்சம் சுரண்டுவார்கள். ஓரிடம் அதிகமாக வளைகிறதா? அதைத் தொடவே மாட்டார்கள். மற்ற இடங்களைச் சுரண்டுவார்கள். மறுபடி இழுப்பார்கள், மறுபடி பார்ப்பார்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி வளையும் வரை இந்த வேலை நடக்கும். அவசரப்பட்டு அதிகமாகச் சுரண்டினால் ஒட்ட வைக்க முடியுமா என்ன? சமமாக வளையும் வில் பாரத்தை உடம்பு முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும். உங்கள் வேப்பங்குச்சி ஒரே இடத்தில் மடிந்தது, அதனால்தான் 'படக்'!

இன்னும் இரண்டு விஷயம். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லையே தாக்கும். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். 'நாண் ஏற்றினான்' என்று இராமாயணக் கதையில் கேட்டிருப்பீர்களே! கழற்றி வைத்திருந்தால்தானே ஏற்ற முடியும்? (அந்த வில் முறிந்தது வேறு கதை!) ஆமாம், விளையாட்டுக்குக்கூட ஈர்க்குச்சியை அம்பாக்க வேண்டாம். கண் பத்திரம்!

நம் திருச்சிப் பிள்ளைகள் புளியஞ்சோலைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கே ஓடிவரும் தண்ணீர் கொல்லிமலையில் இருந்து வருவது. அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். மலை மேலே செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது.

வில் நிஜமாகவே துப்பாக்கியை வென்ற கதையும் உண்டு. நீலகிரியை அடுத்த வயநாட்டில் குறிச்சியர் என்ற மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள். வில்லுக்குப் பேர் போனவர்கள். ஆங்கிலேயரை எதிர்த்த பழசி ராஜாவுக்கு இவர்கள் துணை நின்றார்கள். 1802 அக்டோபரில், தலக்கல் சந்து என்ற குறிச்சியத் தலைவரும் எடச்சேன குங்கனும் வில் வீரர்களோடு சென்று பனமரத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கினார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், மறுபடி மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். அதற்குள் வில்லாளி பல அம்புகளை விட்டுவிடுவான். கோட்டை விழுந்தது!

1805-ல் ஆங்கிலேயர் சந்துவைப் பிடித்துக் கொன்றார்கள். பனமரத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. வயநாடு போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.