கதாநாயகி சிவப்பாகத்தான் இருக்கணுமா?

இப்போதெல்லாம் தெருவுக்கு நாலு பெண்கள் கதை எழுதுகிறார்கள். குக்கர் விசில் அடங்குவதற்குள் செல்போனில் ஒரு அத்தியாயம் தட்டிவிடுகிறார்கள்! சொந்தக் கதை மட்டுமில்லை. சீரியல் முடிந்துவிட்டால் அதே ஜோடியை வைத்துத் தொடர்ச்சி எழுதுகிறார்கள். 'பொன்னியின் செல்வன்' நந்தினி அப்புறம் என்ன ஆனாள் என்று எழுதுகிறார்கள். ரசிகைகள் எழுதும் இந்தக் கதைகளை நானும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனசை உறுத்துகிறது.

கதாநாயகி என்றால் ரோஜா நிறம், இல்லாவிட்டால் சந்தன நிறம், போனால் போகிறதென்று கோதுமை நிறம். கறுப்பாக ஒருத்தி வந்தால் அவள் தோழி, வேலைக்காரி, அல்லது வில்லி! மூலக்கதையில் நிறமே சொல்லாத பெண்ணுக்குக்கூடப் பவுடர் பூசி விடுகிறார்கள்.

ஒருத்தர் கதையை இன்னொருத்தர் தொட்டு எழுதுவது நமக்கொன்றும் புதுசு இல்லை. வியாசர் பாரதத்தில் அல்லி என்று ஒருத்தியே கிடையாது. நம் ஜனங்கள்தான் அர்ஜுனனை மதுரைக்கு வரவழைத்து, ஆண்களை அண்டவிடாத அல்லி ராணியை அவனுக்கு எதிரே நிறுத்தினார்கள். பவளக்கொடியும் அப்படி வந்தவள்தான். பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த இந்தக் கதைகளைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். 'பவளக்கொடி' 1934-ல் சினிமாவாகவும் வந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, "அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்?" என்று வாசகர்கள் கேட்டதால் முடிவுரையில் அவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதினார். ஆக, ரசித்த கதையை நீட்டி எழுதுவது நம் ரத்தத்தில் ஊறியது. நல்ல விஷயம்தான்!

ஆனால் மூலத்தில் இருக்கிற கறுப்பை ஏன் அழிக்கிறோம்? பாஞ்சாலிக்குக் 'கிருஷ்ணை' என்றே ஒரு பெயர் உண்டு. கறுப்பி என்று அர்த்தம். கண்ணன் கறுப்பு, அர்ஜுனன் கறுப்பு, கதை சொன்ன வியாசரும் கறுப்பு. இதெல்லாம் என் அப்பா பாரதம் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. ஆனால் ஓவியர் ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கிய காலத்திலிருந்து, நம் சிவகாசி காலண்டர் வரை, வீட்டுச் சுவரில் மாட்டுகிற படங்களில் பெரும்பாலும் பெண்கள் எல்லாரும் வெளுப்பு. கண்ணனும் கறுப்புப் போய் நீலமாகிவிட்டான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் போடுவார்கள். வெயிலில் தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண் வள்ளி. மேடைக்கு வரும்போது அவளும் ரோஸ் பவுடர் அப்பிக்கொண்டுதான் வருகிறாள்!

இத்தனைக்கும் நம் ஊரை ஆளுகிறவள் யார்? பச்சை நிறத்து மீனாட்சி. அவளை மரகதவல்லி என்று கொண்டாடுகிற ஊரில்தான், பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி "பொண்ணு கலரா?" என்பது.

சும்மா கதைதானே, இதற்கு ஏன் இத்தனை ஆதங்கம் என்று கேட்பீர்கள். என் மூத்த மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என் மாமியாரைக் கொண்டு நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் பாரத நாடகம் போட்டபோது பாஞ்சாலி வசனம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அந்த வேஷம் சிவப்பாக இருந்த பிள்ளைக்குப் போய்விட்டது. "உன் கலருக்கு இடும்பிதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. "ஏம்மா, பாஞ்சாலி சிவப்பா?" என்று கேட்டாள். "அவ பேரே கறுப்பிடி" என்று சொன்னேன். அப்படியே இடும்பி யாரென்றும் சொன்னேன். குந்தி வீட்டுக்கு வந்த மூத்த மருமகள் அவள்தானே! பெற்ற பிள்ளை கடோற்கசனைப் பாண்டவர்களுக்காகப் போரில் பலி கொடுத்தவளும் அவள்தான். அரண்மனைச் சுகம் எதுவும் காணாமல் காட்டிலேயே இருந்தவள். ஒரு வாரம் கழித்து என் பெண் ரஃப் நோட்டில் ஒரு கதை எழுதியிருந்தாள். மகன் செத்த செய்தி காட்டுக்கு வந்த நாளில் இடும்பி என்ன நினைத்திருப்பாள் என்று. படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

எதிர் வீட்டு அக்கா சொல்கிறார், "நிஜத்துலதான் கறுப்பா இருக்கோம், கதையிலாவது சிவப்பா இருந்துட்டுப் போறோமே!" அவர் சொல்வதிலும் ஒரு ஏக்கம் இருக்கிறது. ஆனால் கதையில்கூட நமக்கு நம் நிறத்தோடு ஜெயிக்க இடமில்லை என்றால், படிக்கிற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

வெளிநாட்டிலும் இதே வழக்கு உண்டு. 'ஹாரி பாட்டர்' கதையில் வரும் ஹெர்மாயினியைக் கறுப்புப் பெண்ணாக வரைந்து மகிழ்ந்த ரசிகர்கள் இருந்தார்கள். 2016-ல் லண்டனில் அரங்கேறிய நாடகத்தில் நோமா துமெஸ்வேனி என்ற கறுப்பின நடிகை அந்த வேஷம் போட்டபோது சிலர் சண்டைக்கு வந்தார்கள். கதையை எழுதிய ரௌலிங்கோ, வெள்ளைத் தோல் என்று தான் எழுதவே இல்லை என்று சொல்லி நடிகை பக்கம் நின்றார். நம் சென்னையிலும் 2017-ல் சில கலைஞர்கள் கறுப்பான பெண்களையே லட்சுமியாக, சரஸ்வதியாக அலங்கரித்துப் படம் எடுத்தார்கள். பார்க்க அத்தனை லட்சணம்! 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம்கூட 2020-ல் பெயரிலிருந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. கிரீம் கம்பெனியே மாற்றிக்கொண்டபோது கதை எழுதும் நமக்கு என்ன தயக்கம்?

சிவப்பான கதாநாயகியே வேண்டாம் என்று சொல்லவில்லை தோழிகளே. பத்துக் கதை எழுதினால் அதில் நாலு கதையிலாவது நம் வயல்காட்டு நிறத்தில் ஒருத்தி காதலிக்கட்டும், கலெக்டராகட்டும், ராணியாகட்டும். அவள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டாம். "கறுப்பு என்றாலும் களையான முகம்" என்று சமாதானமும் சொல்ல வேண்டாம். கறுப்பு, களை. அவ்வளவுதான்!

– ஒரு வாசகி, மதுரை