‘முதல்ல விசிட் விசாவுல போங்க, அப்புறம் மாத்திக்கலாம்’: துபாய் வேலைக்கு ஏஜென்ட் இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

"பெர்மிட் வர லேட் ஆகும். முதல்ல விசிட் விசாவுல போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்."

வளைகுடா வேலைக்கு முயற்சி செய்த பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். இதில் பாதி உண்மைதான். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விசிட் விசாவில் போனவருக்கு அங்குள்ள கம்பெனி பெர்மிட் எடுத்துக் கொடுத்தால், நாட்டை விட்டு வெளியேறாமலேயே வேலை விசாவுக்கு மாறலாம். ஏஜென்ட் சொல்லாமல் விடும் மீதிப் பாதியில்தான் சிக்கல்.

பெர்மிட் எடுப்பது யார்?

நீங்களும் இல்லை, ஏஜென்டும் இல்லை. வேலை தரும் கம்பெனிதான் அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் உங்கள் கைக்கு வரணும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அதைத் தர ஏற்பாடு உண்டு. தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து போடுங்கள். பெர்மிட் வந்து, அங்கே இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி, குடியிருப்பு அனுமதி என வேலைகள் நடக்கும்.

இதற்கான செலவு கம்பெனியுடையது. ஆளெடுக்கும் செலவை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அந்த நாட்டின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டமே சொல்கிறது. ஆகவே ‘விசா காசு’ என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

இசிஆர் பாஸ்போர்ட்டா?

சென்னைக்காரர்களுக்கு இசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அதற்கு வேறு பொருள்: குடிபெயர்வுச் சோதனை தேவை. பெரும்பாலும் 10-ஆம் வகுப்பு தேறாதவர்களுக்கு இப்படி வரும். இவர்கள் அமீரகம், சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். நர்ஸ்களுக்கு இசிஆர் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

அலைச்சல்தான். ஆனால் இந்த அனுமதி வாங்கும்போதுதான் உங்கள் வேலை ஒப்பந்தம் அரசின் பதிவில் ஏறுகிறது. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்கணும். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இதற்கான பிரீமியம் 2 ஆண்டுக்கு வெறும் 275 ரூபாய், வரி தனி.

விசிட் விசாவில் போகிறவரிடம் இந்த அனுமதியைக் கேட்பதில்லை. அந்த ஓட்டையைத்தான் ஏஜென்ட் பயன்படுத்துகிறார். அனுமதி இல்லை என்றால் ஒப்பந்தப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. போன இடத்தில் கம்பெனி ‘இன்னிக்கு, நாளைக்கு’ என்று இழுத்தால் விசா முடிந்துவிடும். அதன் பிறகு நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம்.

பெர்மிட் கைக்கு வருவதற்குள் வேலை பார்ப்பதும் குற்றம். அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். ஒழுங்கான கம்பெனி இந்த வம்புக்கே போகாது.

ஏஜென்ட்டை எப்படிச் சரிபார்ப்பது?

மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் உள்ள லைசென்ஸ் எண்ணை அதில் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லாத வாட்ஸ்அப் விளம்பரம் என்றால் அதோடு விட்டுவிடலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ‘ரசீதெல்லாம் எதுக்கு, நம்ம ஊர்க்காரன்தானே’ என்பவரிடம் இன்னும் கவனமாக இருக்கணும்.

ஏற்கெனவே விசிட் விசாவில் போய் மாட்டிக்கொண்டவர்கள், விசா முடியும் வரை காத்திருக்காமல் அமீரகத்துக்குள்ளிருந்தே 800 46342 என்ற இந்திய உதவி எண்ணை அழைக்கலாம். இந்தியாவில் இருக்கும் குடும்பத்தினருக்கு 1800 11 3090. கேட்டாலும் பாஸ்போர்ட்டை கம்பெனியிடம் விட்டு வைக்காதீர்கள், அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.