ஒன்பது கோடியும் ஒரு பள்ளமும்!

வேளச்சேரியில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். மழை அறிவிப்பு வந்ததுமே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுகிறவர்கள் ஒரு ரகம். "பாலத்துல இடம் இருக்கா, பாத்துச் சொல்லேன்" என்று அவர்களுக்கு போன் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். 2024 அக்டோபரில் கனமழை என்று டி.வி.யில் சொன்னதுதான் தாமதம், பாலத்து ஓரமெல்லாம் கார்கள் வரிசை கட்டி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, போலீஸ் அதை மறுத்து, கடைசியில் நாடே எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கார் கார்ப்பெட்டைப் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போட்டவனுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும்.

இந்த ஊர் ரோட்டில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டினால் எப்படி இருக்கும்?

விபரீத ஆசைதான். ஆனால் சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்கும் காரின் பெயரை ஹெட்லைட்டை வைத்தே சொல்கிற ஆள் நான். எங்களுக்கெல்லாம் ஆசைக்கும் பேங்க் பேலன்ஸுக்கும் சம்பந்தம் கிடையாது.

ரோல்ஸ் ராய்ஸ் ஷோரூமில் போய், 'சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும்' என்றெல்லாம் நிற்க முடியாது. வாங்கக்கூடிய ஆசாமி என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். நான் எந்தக் கோணத்தில் நின்றாலும் அப்படித் தோன்ற மாட்டேன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில், நண்பருக்கு நண்பர், அவருக்கு மச்சான் என்று நாலு கை மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. வண்டி, கோஸ்ட். பக்கத்து ஸீட்டில் ஷோரூம் தம்பி ஒருவர் வருவார். அறுபதைத் தாண்டக் கூடாது. லைசென்ஸ் ஜெராக்ஸ் தர வேண்டும். நாலு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை கையெழுத்து இல்லை.

கோஸ்ட் என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது கோர்ட்! 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த கோஸ்ட்டுக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து நடிகர் விஜய் வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார். அப்பீலில் அந்த அபராதத்துக்குத் தடை கிடைத்தது. தீர்ப்பில் அவரைப் பற்றி இருந்த விமர்சனங்களும் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. அந்த ஒரு மாதம் டீக்கடையில் எல்லோருமே வரி நிபுணர்கள்.

நான் படித்தது பி.காம். கார் அழகை ரசிப்பதற்கு முன் கை தானாகவே கால்குலேட்டரைத் தேடும்.

2025 ஜனவரியில் கோஸ்ட்டின் புது மாடல் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 8 கோடியே 95 லட்சம். மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், தீபாவளிக்குத் துணி எடுக்காமல் அப்படியே சேர்த்தால் 149 வருடம் 2 மாதத்தில் வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம் என்று 2023 நவம்பரில் ஆக்கினார்கள். ஷோரூம் விலையின் மேல் போட்டுப் பார்த்தால் வரி மட்டும் 1 கோடியே 79 லட்சம். அந்தப் பணத்துக்கு வேளச்சேரியில் ஒரு நல்ல ஃப்ளாட்டே வரும், கார் பார்க்கிங்கோடு!

இதில் ஒரு வேடிக்கை. ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி இப்போது பி.எம்.டபிள்யூ. கையில். பி.எம்.டபிள்யூ.வுக்கு 2007-லிருந்து செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமே தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் கோஸ்ட் மட்டும் இங்கிலாந்தில் குட்வுட் என்ற ஊரில் பிறந்து, கடல் தாண்டி, சுங்க வரி கட்டித்தான் வரும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களுக்கு இந்தச் சுங்க வரி படிப்படியாகப் 10 சதவிகிதம் வரை இறங்குமாம். இறங்கட்டும். என் 149 வருடமும் கொஞ்சம் இறங்கும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

நீளம் ஐந்தரை மீட்டர். எடை சுமார் இரண்டரை டன். பின்கதவு நம் வீட்டு பீரோ மாதிரி எதிர்ப்பக்கமாகத் திறக்கிறது. மூடுவதற்கு பட்டன். கதவுக்குள்ளேயே குடை. சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் நடுவிலுள்ள 'ஆர்ஆர்' எழுத்து மட்டும் சுற்றாமல் நிமிர்ந்தே நிற்கிறது. முன்னால் இறக்கை விரித்து நிற்கும் பெண் பொம்மை, 1911-லிருந்து ரோல்ஸ் ராய்ஸ்களின் முகப்பில் நிற்பவள். யாராவது கை வைத்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்வாள். நம் ஊர் தெரிந்தவள்தான்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.

"போலாம் சார்" என்றார் தம்பி.

"இன்ஜின்?"

"ஓடிட்டிருக்கு சார்."

பன்னிரண்டு சிலிண்டர், 6,750 சிசி, 563 குதிரைத் திறன். என் ஆல்டோவைப் போல கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. இத்தனையும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் கிடையாது. அதற்குப் பதில், இன்னும் எவ்வளவு சக்தி பாக்கி என்று காட்ட ஒரு முள். வேளச்சேரி மெயின் ரோட்டில் நாற்பதில் போகும்போது அது தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. சம்பளம் வந்த அன்றைக்கு நம் பேங்க் பேலன்ஸ் இருக்கிற மாதிரி. இதில் இருபதாம் தேதியும் அப்படியேதான் இருக்கும்.

இந்த நிசப்தம் சும்மா வரவில்லை. சத்தம் உள்ளே வராமல் இருக்க நூறு கிலோவுக்கு மேல் அடைசல் மட்டும் வைத்திருக்கிறார்கள். 2020-ல் வந்த கோஸ்ட்டை உருவாக்கும்போது உள்ளே அமைதி அளவுக்கு மீறிப்போய், உட்கார்ந்தவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். அப்புறம் மெல்லிய ஒரு ரீங்காரத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார்களாம். பணம் கொடுத்துச் சத்தத்தை வெளியேற்றி, திரும்பக் கொஞ்சம் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்!

குருநானக் கல்லூரிப் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார். பிரேக் அடித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்து, கையை ஆட்டி, விரிவாக ஏதோ சொன்னார். ஒரு எழுத்து காதில் விழவில்லை. சென்னையில் கார் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து திட்டு வாங்கியும் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

விஜயநகர் டீக்கடை ஓரம் நிறுத்தினோம். இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர். எல்லோர் கையிலும் செல்போன். காய்கறி ஏற்றி வந்த மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் மட்டும் போட்டோ எடுக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"சார், மைலேஜ் என்ன குடுக்குது?"

"லிட்டருக்கு ஆறு, ஏழு வந்தா அதிகம்ணே."

"ஐயய்யோ! கேஸுக்கு மாத்திடுங்க சார்."

தம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

விஜயநகர் தாண்டி ஒரு பள்ளம் உண்டு. சரியாக எந்த இடம் என்று எழுத மாட்டேன். நீங்கள் படிப்பதற்குள் அது இரண்டு கடை தள்ளிப் போயிருக்கலாம். தினமும் அதைக் கடக்கிற என் முதுகெலும்புக்கு அதன் நீள, அகல, ஆழம் எல்லாம் மனப்பாடம். கோஸ்ட்டில் அதை நெருங்கும்போது பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். காத்திருந்தேன். வரவில்லை. முன்கண்ணாடியிலுள்ள கேமரா ரோட்டைப் பார்த்து, ஸஸ்பென்ஷனை முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிடுகிறது என்றார் தம்பி. பள்ளம் எப்போதோ பின்னால் போயிருந்தது.

பள்ளம் இல்லாமல் போகவில்லை. எனக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கரணை வந்து துரைப்பாக்கம் ரோட்டில் திரும்பினோம். கண்ணாடிக்கு வெளியே சதுப்பு நிலம். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்ட இடம். வேளச்சேரியில் நம் வீட்டுக்குள் வந்த தண்ணீரெல்லாம் இங்கே வருவதற்கு வழி தேடிய தண்ணீர்தான். பக்கத்தில் குப்பை மலை. வழக்கமாக இந்த இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். கோஸ்ட்டுக்குள் தோல் ஸீட் வாசனை மட்டும்தான்.

'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று நரி மாதிரி சொல்லப்போகிறேன் என்று நினைத்தீர்களானால், இல்லை. பழம் இனித்தது. சத்தியமாக இனித்தது. இறங்கும்போது ஸ்டியரிங்கை விட மனசு வரவில்லை. மனிதன் செய்த மெஷின்களில் இது ஒரு அற்புதம். நாலு காசு சேர்த்து முறையாக வரி கட்டி வாங்குகிறவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கேள்வி வேறு. ஒரு ஊரில் ரோட்டைச் சரி செய்யச் சொல்லிக் கேட்கக்கூடிய செல்வாக்கு யாருக்கு இருக்கிறதோ, அவர்களுடைய கார்தான் ரோட்டை முழுசாக மறைக்கிறது. கோஸ்ட் அதில் உச்சம். அதற்குக் கீழே அரைக் கோடி, ஒரு கோடிக் கார்களும் அதே வேலையைக் கொஞ்சம் மலிவாகச் செய்கின்றன. பள்ளம் தெரிவது பைக்கில் போகிறவனுக்கும், ஷேர் ஆட்டோவில் போகிறவளுக்கும், பஸ்ஸின் கடைசி ஸீட்டுக்கும்தான். அவர்கள் சொன்னால் கண்ணாடி தாண்டி உள்ளே கேட்பதில்லை, அந்த ஆட்டோக்காரர் சொன்னது எனக்குக் கேட்காத மாதிரி. ஒரே ஒரு கோஸ்ட்டின் ஆயுள் வரியில் எத்தனை பள்ளத்தை மூடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, ரத்தக் கொதிப்பு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

அதனால் ஒரு யோசனை. ரோடு போடுகிறவர்கள், போடச் சொல்கிறவர்கள், போட்டாயிற்று என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் வருடா வருடம் கட்டாயமாக ஒரு டெஸ்ட் டிரைவ் வைக்க வேண்டும். மாதம், நவம்பர். இடம், வேளச்சேரி. வண்டிக்கு அலைய வேண்டாம். பத்து வருடம் ஓடிய ஆல்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. வாடகை வேண்டாம், பெட்ரோலும் நானே போடுகிறேன்.

கண்ணாடியை மட்டும் ஏற்றக் கூடாது.