முள் எழாத மீட்டர்

மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் சிவகிரியைத் தாண்டி வாசுதேவநல்லூருக்குள் நுழையும் பழைய பைக்குகளில், அறுபதில் வந்தாலும் மீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடப்பவை உண்டு. ஓட்டுபவருக்குக் கவலையில்லை, வண்டிதான் ஓடுகிறதே! 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வேகமானி கட்டாயம் என்று சொன்னால் சிரிப்பார்.

பெரும்பாலும் குற்றவாளி மீட்டர் கேபிள்தான். கறுப்பு உறைக்குள் இருக்கும் இன்னர், மெல்லிய எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசைகளில் சுற்றிச் செய்தது. அதனால்தான் வளைந்துகொண்டே சுழல முடிகிறது. முன்சக்கர டிரம்மில் உள்ள சிறு பல்சக்கரம் அதன் கீழ்நுனியைத் திருப்புகிறது. 18 அங்குலச் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 530 முறை சுற்றும். அதோடு சேர்ந்து சுழலும் இன்னர், உறையில் உரசிக்கொண்டே இருக்கும். வயல்பாதைச் சேறும் மழைநீரும் கீழ்முனை வழியே புகுந்து கிரீஸைக் கெடுத்தால் துரு ஏறி, முதலில் ஓர் இழை அறும், பிறகு மொத்தமும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேபிள் முள்ளைத் தொடுவதே இல்லை. மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து, அதன்மேல் படாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது; ஆனாலும் காந்தப்புலம் மாற மாற அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணம் காந்தத்தின் பின்னாலேயே இழுபடுகிறது. நூல்போன்ற சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறி எங்கே சமனாகிறதோ அங்கே கிண்ணத்தோடு சேர்ந்த முள் நிற்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

கிலோமீட்டர் எண்கள் நகர்வது காந்தத்தால் அல்ல, பல்சக்கரங்களால். ஆகவே எண் ஓடி, முள் மட்டும் எழாவிட்டால் கோளாறு மீட்டருக்குள். கேபிளை மாற்றிப் பயனில்லை. இரண்டும் நின்றால்தான் கேபிளையோ டிரம் பல்சக்கரத்தையோ சந்தேகிக்க வேண்டும். முள் நடுங்கினால், காய்ந்துபோன இன்னர் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது என்று கொள்ளலாம்.

புதுக் கேபிள் வாங்குமுன் பழையதை மீட்டர் பக்கம் கழற்றி, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். மேல்நுனியில் இன்னர் சுழன்றால் கோளாறு மீட்டருக்குள்; சுழலாவிட்டால் கேபிளிலோ டிரம் பல்சக்கரத்திலோ. இதைப் பாராமல் கேபிளை மட்டும் மாற்றுவது பட்டறைகளில் நடக்கும் வழக்கமான அவசரம். புதியதை மாட்டும்போது, இன்னரின் சதுரநுனி குழியில் சரியாக உட்காருமுன் மரையை முறுக்கக் கூடாது. கிரீஸைக் கீழ்ப்பகுதியில் மட்டும் தடவினால் போதும். மேல்நுனிவரை பூசினால், சுழலும் கம்பி அதை மீட்டருக்குள்ளேயே ஏற்றிவிடும். மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். கேபிள் எங்கே மடிகிறதோ அங்கேதான் அடுத்து அறும்.

கேபிள் அறுந்திருந்த காலத்தில் ஓடிய தூரம் மீட்டரில் ஏறியிருக்காது. அடுத்த ஆயில் மாற்றத்துக்கு அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்குபவர்களோ, ‘கம்மியாத்தான் ஓடியிருக்கு’ என்று சொல்லப்படும் எண்ணை நம்புமுன் கேபிளைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.