வேர் அழைத்தால் பாக்டீரியா வரும்

குதிரைமசால் பார்த்திருக்கிறீர்களா? கால்நடைத் தீவனமாக வளர்க்கிற செடி. ஊதா நிறத்தில் பூக்கும். உளுந்து, தட்டைப்பயறு குடும்பத்தைச் சேர்ந்தது. வேரோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசினால், பொடிப்பொடியாக முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள்தான் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றிக் கொடுக்கும்; பதிலுக்குச் செடி உணவு கொடுக்கும்.

ஒரு கரண்டி மண்ணிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கும். அவ்வளவு கூட்டத்தில் சரியான ஆளை வேர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கூப்பிடுவது செடிதான். குதிரைமசால் விதையிலிருந்து லூட்டியோலின் என்ற பொருள் கசிகிறது. அது பட்டதும் பாக்டீரியாவின் குறிப்பிட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் ஷரன் லாங்கின் குழு 1986-இல் இதைக் கண்டறிந்தது.

உடனே பாக்டீரியாவும் பதில் அனுப்புகிறது. அதற்கு ‘நாட் காரணி’ என்று பெயர். நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் எந்தச் சர்க்கரையால் ஆனதோ, அதே சர்க்கரை நாலைந்து கோத்து, ஒரு கொழுப்பு வாலும் ஒட்டியிருக்கும். மிக மிகக் குறைந்த அளவே போதும். வேர்த்தூவி நாய் வாலைப் போலச் சுருண்டு, பாக்டீரியாவை நடுவில் மடக்கிக்கொள்ளும். பிறகு ஒரு நுண்குழாய் வழியாக அது உள்ளே போகும். அங்கே முடிச்சு வளரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. குதிரைமசாலுக்கு வருகிற பதிலில் ஒரு சல்ஃபேட் தொகுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சின்னத் துணுக்கை நீக்கிவிட்டால், குதிரைமசால் அதைக் கண்டுகொள்ளாது. வெட்ச் என்ற வேறொரு பயறுச் செடி கண்டுகொள்ளும்! கண்ணும் காதும் இல்லாத வேர் இவ்வளவு துல்லியமாக ஆள் பார்க்கிறது.

யூரியாவை அள்ளிப் போட்ட நிலத்தில் முடிச்சுகள் குறைந்துவிடும். கேட்காமலே நைட்ரஜன் கிடைக்கும்போது செடி எதற்காக விருந்தாளியைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும்?

பக்கத்தில் தட்டைப்பயறோ நிலக்கடலையோ பூத்திருந்தால், வயல்காரரிடம் கேட்டு ஒரே ஒரு செடியை வேர் அறாமல் தோண்டிப் பாருங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், நைட்ரஜன் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், வேலை நின்றுவிட்டது.