பழைய ஹெரால்டுக்குப் பெரிய இன்ஜினா? 1,322 ரூபாய்ல கோட்டை விடாதீங்க!

கோச்சடை நண்பர் ஒருத்தர், அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுல 1,300 சிசி இன்ஜின் மாட்டப் போறாராம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே ஹெரால்டு சேசிஸ்ல இருந்து வந்ததுதானேன்னு ஆசை.

ஆசை தப்பில்ல மக்களே. ஆனா கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் செலவும் கூடவே வரும்.

அதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அனுமதி. தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. அனுமதி இல்லைன்னா, பழைய 948 சிசி இன்ஜினையே ரீபோர் பண்ணிக்கோங்க.

கிடைச்சா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. 2022 ஜூன்ல அமலான கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சிசி வரை 2,094 ரூபாய். 1,500 வரை 3,416. வித்தியாசம் 1,322 தான், வரி தனி. இதை மிச்சம் பிடிக்க மறைச்சா, விபத்தப்போ நம்ம வண்டிக்கான கிளெய்மே கைவிட்டுப் போகலாம்.

ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க!